மிஸ் ஹெப்டன் சொன்னால் சரி

ஸ்கெல்பி, யார்க்‌ஷயர்
9 பிப்ரவரி 1930

தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

டார்கஸ் எழுதுகிறேன். உன் அக்கா. என் கையெழுத்து உனக்கு மறந்து போயிருக்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

செவ்வாய்க்கிழமை நான் ஆரஞ்சு ஜாம் கிளறிக்கொண்டிருந்தபோது டென்னிஸ் கிளப் செயலாளர் வந்தான். வில்ஃப்ரெட் என்று பெயர், முப்பது வயது இருக்கும், காதெல்லாம் சிவப்பு. வருகிற ஜூலையில் கிளப்புக்கு ஐம்பது வருஷமாம். புத்தகம் போடுகிறார்களாம். அதில் முதல் அத்தியாயமே நீதானாம்.

"மேடம், உங்க தம்பி எண்பத்தஞ்சுலயும் எண்பத்தாறுலயும் கோப்பை ஜெயிச்சவர். மூணாவது வருஷமும் ஜெயிச்சா கோப்பை அவருக்கே சொந்தம். சாம்பியன்ங்கறதால ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடவேண்டியது. அந்தச் சனிக்கிழமை அவர் வரவே இல்லையே, ஏன்?"

"வயித்துவலி"ன்னேன்.

"அதுக்கப்புறம் அவர் ராக்கெட்டையே தொடலைன்னு சொல்றாங்களே?"

"பெரிய வயித்துவலி."

அப்பா ஊருக்குச் சொன்ன பொய்யை நாற்பத்து மூன்று வருஷம் கழித்து நானும் சொன்னேன். ஜாம் அடிப்பிடித்தது, அதுவும் உன் கணக்கில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை பன்னிரண்டாம் தேதி விழா. உன்னை மேடைக்கு அழைக்கப் போகிறார்கள். ஃபிலிப்பா லோரிமரையும் அழைத்திருக்கிறார்கள், பெண்களில் முதல் சாம்பியன் என்று. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டுமாம்.

நீ வா. வந்து, அவள் முன்னால், ஊர் முன்னால், ஒரே ஒரு வாக்கியம் சொல். 1887 ஜூலை பதினைந்து, வெள்ளிக்கிழமை, பெண்கள் இறுதி ஆட்டம், மூன்றாவது செட், நான் ஆறு, அவள் ஐந்து, எனக்கு ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. அவளுடைய இடது பக்கம் நான் அடித்த பந்து கோட்டின் மேல் விழுந்தது. சுண்ணாம்பு புகை மாதிரி எழும்பியது. அந்தக் கோட்டுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நீ. "வெளியே" என்றாய். அம்பயர் "நிச்சயமா, ஹெப்டன்?" என்று கேட்டார். "நிச்சயம், ஐயா" என்றாய். எட்டுக்கு ஆறு என்று தோற்றேன்.

நீ அவள் குடையைத் தூக்கிக்கொண்டு அலைந்தது எனக்குத் தெரியும். அந்த மயக்கத்தில் சொன்னாய் என்றாவது சொல்லித் தொலை. எனக்கு எழுபது வயது ஆகிறது. அந்தப் பந்து கோட்டில் விழுந்தது என்று உன் வாயால் கேட்காமல் சாக எனக்கு இஷ்டமில்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்காக வருவதென்றால் வா. இல்லையென்றால் இந்த ஊருக்கு வராதே.

டார்கஸ் கார்சைட்

•

டெவன்
17 பிப்ரவரி 1930

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். உறை மேலேயே உன் கோபம் தெரிந்தது. எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து ஓடிவந்தன, நீ நெட் பக்கம் ஓடிவருகிற மாதிரி.

ஜோசப் அத்தான் இறந்த செய்தியை நான் செய்தித்தாளில்தான் பார்த்தேன். ஆறு வருஷம் ஆயிற்று. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்து, 'அன்புள்ள அக்கா' என்பதற்கு மேல் ஒன்றும் வராமல் எழுந்துவிட்டேன்.

நான் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரு பையன்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒருமுறை ஒரு மாணவன் பழைய பத்திரிகையில் என் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "சார், இது நீங்களா? வலைக்குப் பக்கத்துல நின்னு அடிப்பீங்களாமே, பெரியவங்கல்லாம் அது ஆம்பிளைத்தனம் இல்லைன்னு திட்டுவாங்களாமே?" என்றான். "என் ஒன்றுவிட்ட அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் என் டென்னிஸ் வாழ்க்கை.

நீ கேட்கிற விஷயம். அக்கா, நாற்பத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அன்று வெயில் சாய்ந்து கண்ணில் அடித்தது என்று நினைவு. கோட்டுக்குப் பக்கத்தில் புல் வேறு தேய்ந்துபோய் மண் தெரிந்தது. பந்து வெளியே விழுந்ததாகத்தான் எனக்குப் பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் சொல்கிறேன்?

முழங்கால் சரியில்லை. இவ்வளவு தூரம் ரயிலில் வர முடியாது. புத்தகத்தில் என் பெயரும் வருஷமும் போதும் என்று அந்தச் செயலாளரிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
ஆம்ப்ரோஸ்

•

ஸ்கெல்பி
22 பிப்ரவரி

ஆம்ப்ரோஸ்,

வெயில் சாய்ந்திருந்ததாமே! மணி மூன்றே கால், மாதாகோவில் மணி அடித்ததை நானும் கேட்டேன், நீயும் கேட்டாய். ஜூலை மாசம் மூன்றே காலுக்கு எந்த ஊரில் வெயில் சாயும்? வெயில் உன் முதுகுப் பக்கம். நீ வைக்கோல் தொப்பி போட்டிருந்தாய், நீல ரிப்பன். புல் தேய்ந்ததும் அந்தப் பக்கம் இல்லை, செர்வ் போடுகிற பக்கம். பொய் சொல்வதென்றால் என்னிடம் சொல்லாதே. எனக்குப் படிப்பு இல்லை, ஞாபகம் இருக்கிறது.

படிப்பு ஏன் இல்லை என்றும் சொல்கிறேன், கேள். பாதிரியார் சம்பளத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் என்றார் அப்பா. நீ லத்தீன் படித்தாய், நான் எட்டு வயதில் கோழிக்கூடு கழுவினேன். விடுமுறைக்கு ராக்கெட்டோடு வந்தாய். உனக்கு இடதுகைப் பக்கம் வரும் பந்தை அடிக்கவே தெரியாது. கல்லறைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, "தோளைத் திருப்பு, தோளைத் திருப்பு" என்று கத்திக் கத்தி உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் யார்? அந்த அடியைத்தானே பத்திரிகைக்காரன் எல்லாம் புகழ்ந்து எழுதினான்? நீ டார்லிங்டனுக்கும் லண்டனுக்கும் ஆடப் போனபோது உன் வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பினேன். புல் கறை லேசில் போகாது, தெரியுமா உனக்கு?

இதுவும் உனக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா என்னைப் படிப்பறைக்குக் கூப்பிட்டார்.

"டார்கஸ், உனக்கு இருபத்தேழு வயசு. ஜோசப் கார்சைட் மூணு தடவை வந்து கேட்டுட்டான். இன்னிக்கு ஜெயிச்சியானா, ஆம்ப்ரோஸோட லண்டன் போ, ஒரு வருஷம் ஆடு, நான் தடுக்க மாட்டேன். தோத்தியானா, கார்சைட்டுக்குச் சரின்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு."

"சரிப்பா"ன்னேன்.

அக்டோபரில் கல்யாணம். ஜோசப் நல்ல மனுஷன், அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் தானியக் கிடங்கு வாசனை கல்யாணத்தன்று என் மேல் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. ஆறு பிள்ளை, பதினோரு பேரன் பேத்தி. பேத்தி மார்ஜரி முழங்கால் தெரிகிற பாவாடையில் ஆடுகிறாள். நான் தரை கூட்டுகிற பாவாடையும் இடுப்பை இறுக்குகிற கச்சையுமாக ஓடினேன். அப்படி ஓடியும் ஜெயித்தேன். ஜெயித்ததை நீ எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

முழங்கால் வலியாம். முழங்கால் எல்லோருக்கும்தான் வலிக்கிறது.

டார்கஸ்

•

டெவன்
6 மார்ச் 1930

அன்புள்ள அக்கா,

இது நான்காவது தாள். முதல் மூன்றும் குப்பைக்கூடையில் இருக்கின்றன.

பந்து கோட்டில் விழுந்தது. சுண்ணாம்பு எழும்பியதை நான் பார்த்தேன்.

எழுதிவிட்டேன். இனி மற்றதைச் சொல்லலாம். ஃபிலிப்பா காரணமில்லை. அவள் குடையைத் தூக்கியது உண்மை, அந்த வயதில் யார் குடை கொடுத்தாலும் தூக்கியிருப்பேன். காரணம் அதைவிட அற்பமானது.

அன்று மதியம் தேநீர்க் கூடாரத்தில் கேப்டன் ஓல்ட்ராய்ட் இருந்தான். வாய் நிறைய கேக்கோடு சத்தமாகச் சொன்னான்: "அக்கா ஆடறா, தம்பி கோட்டுக்குக் காவலா? பலே! யாராவது லோரிமர் பொண்ணுகிட்ட சொல்லுங்கப்பா, அவன் பக்கம் பந்தையே விடவேண்டாம்னு. ஹெப்டன் வீட்டுல எல்லாப் பந்தும் உள்ளேதான்!" கூடாரமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, நானும் சிரித்தேன் என்பது.

எழுந்துபோய் "வேறு ஆளைப் போடுங்கள்" என்று அம்பயரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவன் சொன்னது தைத்துவிட்டது என்று தெரிந்துவிடும். நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அக்காவுக்குச் சாதகமாக ஒரு பந்துகூடச் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஆணையிட்டுக்கொண்டேன். நேர்மை என்று நினைத்தேன், அக்கா! அந்தப் பந்து விழுந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஓல்ட்ராய்ட் முகத்தில் இளிப்பு தயாராக இருந்தது. வாய் முந்திக்கொண்டு "வெளியே" என்றது. அம்பயர் நிச்சயமா என்று கேட்டபோதாவது மாற்றியிருக்கலாம். மாற்றினால், அக்காவுக்காக மாற்றினான் என்பார்களே.

மறுநாள் சனிக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகத்தான் செய்தேன். ஆள் ஒருவன் வாளியும் தூரிகையுமாகக் கோடு புதுப்பித்துக்கொண்டிருந்தான். அந்த ஈரச் சுண்ணாம்பைப் பார்த்தேன். வேலிச்செடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அம்பயர் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு எதிராளிக்குக் கைதட்டுகிற சத்தம் கேட்டது. அப்படியே ரயிலேறிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் ஒரு கோப்பையை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு உன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நீ கல்யாணப் பந்தயம் பற்றி எழுதியதைப் படித்த பிறகு நான் இரண்டு நாள் வெளியே போகவில்லை.

ஜூலையில் வருகிறேன். ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று செயலாளருக்கு இன்றே எழுதிப் போட்டுவிட்டேன். நீ கேட்ட ஒரு வாக்கியத்தையும், கேட்காத மற்றதையும் சொல்வேன்.

உன் தம்பி,
ஆம்ப்ரோஸ்

•

ஸ்கெல்பி
15 மார்ச்

தம்பி,

உன் கடிதம் வந்தது. படித்தேன்.

எனக்கு எழுதியதே போதும். மேடையில் ஒன்றும் சொல்ல வேண்டாம். முழங்கால் சரியில்லை என்கிறாய், அவ்வளவு தூரம் எதற்கு? செயலாளருக்கு வர இயலவில்லை என்று ஒரு வரி எழுதிவிடு.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை.

டார்கஸ்

•

டெவன்
20 மார்ச் 1930

அன்புள்ள அக்கா,

எனக்குப் புரியவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் கழித்து எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. வரவழைத்தவளும் நீதான். இப்போது வேண்டாம் என்கிறாய்.

என் மேல் இரக்கப்படுகிறாயா? உன்னிடமிருந்து அது எனக்குப் பழக்கமில்லை. திட்டு, தாங்கிக்கொள்வேன்.

நான் வருகிறேன் என்று தெரிந்து ஃபிலிப்பாவும் எழுதியிருக்கிறாள். மூன்றே வரி. அதில் ஒன்று உன்னைப் பற்றி: 'டார்கஸ் பக்கத்தில் உட்காரக் கிடைத்தால் சந்தோஷப்படுவேன், அவள் அளவுக்கு என்னை ஓடவைத்தவள் வேறு யாருமில்லை.' அவளிடமிருந்து சாம்பியன் பட்டத்தைப் பிடுங்கப் போகிறோமே என்று சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை உண்மைதானே? நான் சொல்லத்தான் போகிறேன்.

ஆம்ப்ரோஸ்

•

ஸ்கெல்பி
2 ஏப்ரல் 1930

தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

மார்ஜரியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். இதை ஜோசப்பிடம் சொன்னதில்லை. பாதிரியாரிடம் சொன்னதில்லை. அப்பா சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்போதும் சொல்லவில்லை.

நீ மூன்றாவது செட்டைப் பற்றியே எழுதுகிறாய். நானும் அதைப் பற்றியே உனக்கு எழுதினேன். இரண்டாவது செட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை, கவனித்தாயா?

முதல் செட் அவளுக்கு. இரண்டாவதில் அவள் ஐந்து, நான் நாலு. அவளுக்கு ஒரு பாயிண்ட் பாக்கி, அது கிடைத்தால் ஆட்டமே முடிந்தது. அவள் உயரத் தூக்கி ஒரு பந்து அடித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன், எட்டவில்லை. பந்து என் காலடியில் விழுந்தது. கடைசிக் கோட்டுக்கு உள்ளே, ஒரு சாண் உள்ளே. கோட்டின் மேல்கூட இல்லை, நன்றாக உள்ளே.

அந்தக் கோட்டுக்கு உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஊர்ப் பாதிரியார், கிழவர். என் பாவாடை அவருக்குப் பந்தை மறைத்துவிட்டது. அம்பயரைப் பார்த்துக் கையை விரித்தார். அந்தக் காலத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கோட்டுக்காரர் பார்க்கவில்லை என்றால் கிட்டே இருக்கிற ஆட்டக்காரியைக் கேட்பார்கள், அவள் சொன்னது முடிவு.

"மிஸ் ஹெப்டன், நீங்க பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார் அம்பயர்.

படிப்பறையில் அப்பா பேசியது காதில் கேட்டது. தானிய மூட்டை கண்ணில் தெரிந்தது.

"வெளியே"ன்னேன்.

"மிஸ் ஹெப்டன் சொன்னா சரி" என்றார். அவ்வளவுதான். ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை. பாதிரியார் மகள் பொய் சொல்வாளா? ஃபிலிப்பா நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, கொஞ்சம் பலமா அடிச்சிட்டேன்" என்று சிரித்தாள்.

தெரியாமல் ஜெயித்த பாயிண்ட்டை அடுத்த பந்தை வேண்டுமென்றே வெளியே அடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள் நம் ஆட்டக்காரர்கள். நான் தெரிந்தே எடுத்தேன். அடுத்த பந்தை முழு பலத்தோடு அடித்தேன். அந்தச் செட்டை எடுத்தேன். மூன்றாவது செட்டே நான் திருடிய செட்.

அதனால்தான் உன் "வெளியே" எனக்கு அப்படிச் சுட்டது. நீ பார்த்துவிட்டாய், பார்த்துவிட்டுத்தான் என்னைத் தண்டித்தாய் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். நீ ரயிலேறிப் போன பிறகு இரண்டு நாள் உன் கடிதத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன். கடிதம் வரவில்லை. அப்புறம் உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். திட்டத் திட்ட இரண்டாவது செட் பின்னால் போயிற்று. நாற்பத்து மூன்று வருஷம் ஒரு நாள் விடாமல் திட்டினேன், தம்பி. நிறுத்தினால் அது முன்னால் வந்துவிடும்.

நீ மேடையில் உன் பந்தைச் சொன்னால் எல்லோரும் எழுந்து எனக்குக் கைதட்டுவார்கள். நான் அதைத் தாங்க மாட்டேன். அதனால்தான் வேண்டாம் என்றேன். உன் மேல் இரக்கம் இல்லை. பயம்.

டார்கஸ்

•

டெவன்
28 ஏப்ரல் 1930

அக்கா,

உடனே பதில் எழுதியிருந்தால் எழுதக்கூடாததை எழுதியிருப்பேன். அதனால்தான் இவ்வளவு நாள்.

நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சனிக்கிழமை அந்த வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். எழுந்துபோய் ஆடியிருப்பேன். அடுத்த வருஷமும் ஆடியிருப்பேன். உன்னை ஒரு நியாயமான வெற்றியிலிருந்து தள்ளிவிட்டேன் என்று நினைத்துத்தான் ராக்கெட்டைத் தொடவில்லை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எனக்கு வேறெதுவும் அவ்வளவு நன்றாக வராது.

நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். நாற்பத்து மூன்று வருஷத்தில் ஒரே ஒரு வரி.

இதற்கு மேல் இதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன பொய் நான் சொன்னதுதான், நீ சொன்னதால் என்னுடையது சின்னதாகிவிடாது. ஆகவே வருகிறேன். என்னுடையதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உன்னுடையதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். நான் உட்கார்ந்த பிறகு நீ எழுந்து பேச இடமிருக்கும். என்ன செய்வது என்பது உன் பாடு.

ஆம்ப்ரோஸ்

•

ஸ்கெல்பி
14 ஜூலை 1930, திங்கள்

தம்பி,

நீ என்னோடு பேசாமல் ரயிலேறியதற்கு நான் கோபிக்கவில்லை. உன் இடத்தில் நானாக இருந்தால் மேடையிலேயே என் தலையில் ஏதாவது எடுத்துப் போட்டிருப்பேன்.

நீ நன்றாகப் பேசினாய். கூடாரத்தில் நீயும் சிரித்ததைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு தும்மல்கூட இல்லை. நீ உட்கார்ந்தாய், என்னைப் பார்த்தாய். நான் எழுந்தேன். சொல்லத்தான் எழுந்தேன், நம்பு. அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கைதட்டல். மார்ஜரி அழுகிறாள், "பாட்டி! பாட்டி!" என்று கத்துகிறாள். கைதட்டல் ஓய்ந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நன்றி"ன்னேன். உட்கார்ந்துவிட்டேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதை நான் பார்த்தேன். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஃபிலிப்பா என் கையைப் பிடித்தாள். கையெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது அவளுக்கு, வாதம். காதோரம் குனிந்து சொன்னாள்: "டார்கஸ், அந்தச் சுண்ணாம்பு பறந்ததை நானும் பாத்தேன்டி. அடுத்த பந்தை நெட்ல அடிச்சு உனக்கே குடுத்திருக்கணும். ஜெயிக்கற ஆசை, குடுக்கலை. இத்தனை வருஷமா நெஞ்சுல முள்ளு. என்னை மன்னிச்சுடு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை ஃபிலிப்பா"ன்னேன். யாரிடம் நான் திருடினேனோ அவளை நான் மன்னித்தேன், ஆம்ப்ரோஸ். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேற்று ஆராதனை முடிந்து வில்ஃப்ரெட் வீட்டுக்கு வந்தான். பெயர்ப் பலகையில் 1887க்கு நேரே ஃபிலிப்பா பெயருக்குக் கீழே என் பெயரையும் தங்க எழுத்தில் எழுத முடிவாகிவிட்டதாம், கேட்டுக்கொண்டதே ஃபிலிப்பாதானாம். "எழுத்துப் பிழை வரக்கூடாது மேடம், கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேரை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தேன். டார்கஸ் மேரி ஹெப்டன். அழகாக, நிறுத்தி எழுதினேன். மை காய ஊதிக்கூடக் கொடுத்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்று காலை கிளப் திறக்கும்போதே போய்விட்டேன். முழுவதும் சொன்னேன், ஒரு சாண் உள்ளே என்று கையால் அளந்து காட்டினேன். வில்ஃப்ரெட் கேட்டான், தலைவரும் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்கள்.

"மேடம், அந்த அம்மா மனசு நோகக்கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க" என்றான் வில்ஃப்ரெட்.

"இல்லடா தம்பி, நான் பொய் சொன்னேன்."

"அந்தக் காலத்து மனுஷங்களே மனுஷங்க" என்றார் தலைவர். "இந்தப் பெருந்தன்மை இப்ப யாருக்கு வரும்? நீங்க சொன்னதை இன்னிக்குக் கூட்டத்துலயே சொல்லப் போறேன்."

கத்தினேன், மேஜையைத் தட்டினேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

அன்று ஒரு வார்த்தை பொய் சொன்னேன், ஒரு மைதானமே நம்பியது. இன்று அரை மணி நேரம் உண்மை சொன்னேன்.

ஃபிலிப்பாவுக்கும் எழுதி இதோடு தபாலில் போடுகிறேன். அவளும் நம்ப மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள். ஆனால் உன்னிடம் ஏப்ரல் இரண்டாம் தேதி நான் எழுதிய கடிதம் இருக்கிறது. பலகைப் பேச்சே இல்லாதபோது எழுதியது. அதைப் படித்தால் பெருந்தன்மை என்று யாரும் சொல்ல முடியாது. அதை அப்படியே கிளப்புக்கு அனுப்பு. மடித்து வைத்து, கூட ஒரு வரி எழுது. உன்னை நம்புவார்கள். உன் மேல் பழி வருகிற உண்மையை நீயாக வந்து சொல்லிவிட்டுப் போனவனாயிற்றே நீ.

எனக்காகக் கேட்டுக்கொள்ள எனக்கு வாயில்லை. உன் கோப்பையையும் உன் ஆட்டத்தையும் நான்தான் பறித்துவிட்டேன், அதற்கு மன்னிப்பு என்று எழுதினால் அந்த வார்த்தை எனக்கே சின்னதாகப் படுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள், தம்பி.

தங்க எழுத்து எழுதுகிறவன் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறான். நாளைக்கே நீ தபாலில் போட்டால் புதன்கிழமை கிளப்புக்குக் கிடைத்துவிடும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வியாழக்கிழமை எட்டு மணிக்கே நாற்காலியைக் கொண்டுபோய் அந்தப் பலகைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துவிடுவேன். என்னைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் ஏணியைச் சாத்த வேண்டும்.

உன் அக்கா,
டார்கஸ்